எங்கள் வீட்டில் இரத்தம் பார்த்த கதை

வவுனியாவில் தாதியர் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் எங்களுக்குப் பிறப்புரிமையியல் என்று ஒரு பாடம் இருந்தது. உயர்தரத்தில் உயிரியல் படித்தபோது பட்டாணிச் செடியில் நெட்டை, குட்டை என்று கட்டம் போட்டுப் புள்ளி வாங்கியதோடு நான் அதை மறந்துவிட்டிருந்தேன். கட்டில் விரிக்கவும் ஊசி போடவும் வந்த எனக்கு இது எதற்கு என்றுதான் முதலில் தோன்றியது.

அதைப் படிப்பித்தவரை நாங்கள் மிஸ் என்று மட்டும் கூப்பிடுவோம். அதிகம் கதைக்கமாட்டார். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் தவணை முடிவில் ஒவ்வொருவரும் ஒரு கிராமத்துக்குப் போய்ச் சனங்களுக்குத் தமிழில் ஒரு பேச்சு நடத்த வேண்டும். சுகாதார மேம்பாட்டுக்கான செய்முறைப் பரீட்சை அது. துண்டு குலுக்கிப் போட்டதில் எனக்கு விழுந்த தலைப்பு தலசீமியா, பரம்பரையாக வரும் ஒரு இரத்த நோய்.

"ஊர்ச் சனத்துக்கு இரத்தம் பாருங்கோ எண்டு சொல்லப் போறியள். முதல்ல நீங்கள் பாத்தனீங்களோ?" என்று மிஸ் கேட்டார்.

ஒருவரும் பார்த்திருக்கவில்லை. வகுப்பு முழுவதும் கையை நீட்டினோம். ஒருவருக்கு ஒருவர் இரத்தம் எடுத்தோம். என் பக்கத்தில் இருந்தவள் நாளம் கிடைக்காமல் திரும்பத் திரும்பக் குத்திவிட்டு, "உன்ர நரம்பு ஒளிச்சு விளையாடுதடி" என்று என்னையே பேசினாள். சிரிப்பும் கூத்துமாக அந்த நாள் போனது.

முடிவுகள் வந்தபோது மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பயப்பிடாத பிள்ளை. நீ வருத்தக்காரி இல்லை. தலசீமியாக் காவி, இங்கிலீசில கரியர். உன்ர செங்குழியங்கள் கொஞ்சம் சின்னன், அவ்வளவுதான். எல்லாரையும் போல நீயும் இருப்பாய். கலியாணம் எண்டு வந்தால் மட்டும் மற்ற ஆளும் காவியோ எண்டு பாக்க வேணும். ரெண்டு பேரும் காவியெண்டால்தான் பிள்ளைக்கு வருத்தம் வரலாம்."

எனக்கு என்னைப் பற்றிப் பயம் வரவில்லை. கல்யாணப் பேச்சே இல்லாத எனக்கு அது தூரத்து விசயம். விடுதிக்கு நடந்து போகும் வழியில்தான் அக்காவின் நினைவு வந்தது.

அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை அம்மாவின் சொந்தத் தம்பியின் மகன், எங்களுக்கு முறை மச்சான். புதுக்குடியிருப்பில் ரியூசன் வகுப்புகளில் கணிதம் படிப்பிக்கிறவர். சின்ன வயதிலிருந்தே அக்காவுக்கு அவர், அவருக்கு அக்கா என்று இரண்டு வீட்டிலும் பேச்சு. அவர்கள் இருவருக்கும் அது வெறும் பேச்சாக இருக்கவில்லை.

வகுப்பில் குடும்ப மரம் வரையப் பழக்கியிருந்தார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வருத்தம் உள்ளவருக்குக் கறுப்பு அடிக்க வேண்டும். விடுதியில் இருந்து எங்கள் குடும்பத்தை வரைந்தேன். அம்மாவின் வட்டத்துக்குப் பக்கத்தில் அம்மாவின் மூத்த சகோதரி, என் பெரியம்மா. பெரியம்மாவுக்குக் கீழே ஒரு சின்னச் சதுரம். அதற்கு வந்ததும் பேனை நின்றது.

பெரியம்மாவுக்கு ஒரேயொரு மகன் பிறந்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கின வயதில் இறந்துபோனான். நான் அவனைக் கண்டதில்லை. ஒரு படம் மட்டும் பார்த்திருக்கிறேன்: வெளிறின முகம், ஊதின வயிறு, மெலிந்த கால். "பிள்ளைக்கு இரத்தம் ஊறுதில்லை" என்று டொக்டர் சொன்னதாகவும், சில தடவை இரத்தம் ஏற்றியதாகவும், பிறகு சண்டையில் பாதை மூடிக் கிடந்ததால் கொண்டுபோக முடியவில்லை என்றும் அம்மா சொல்லியிருக்கிறார். ஊரில் சொன்ன கதை வேறு. பெரியம்மா வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது, கிரகணத்தன்று கட்டு அறுத்துக்கொண்டு ஓடிய மாட்டைப் பிடிக்க வெளியே போனவராம். அதனால்தான் பிள்ளை அப்படிப் பிறந்ததாம்.

அந்தச் சின்னச் சதுரத்துக்கு நான் கறுப்பு அடித்தேன். அடித்தவுடன் மற்றதெல்லாம் தானாக விளங்கியது. பெரியம்மா காவியென்றால் அவருடைய தங்கை, என் அம்மாவும் காவியாக இருக்கலாம். எனக்கு வந்தது அந்த வழியாக இருக்கலாம். அம்மாவின் தம்பிக்கும் இருக்கலாம். அவர் மகனுக்கும் இருக்கலாம். அக்காவுக்கும் இருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறினேன். எங்கள் வீடு கிளிநொச்சிப் பக்கம், ஒரு குடியேற்றத் திட்டத்தில். யாழ்ப்பாணத்திலிருந்து வயல் செய்ய வந்த குடும்பங்கள் நாங்கள். ஓமந்தை தாண்டும்வரைக்கும் எப்படித் தொடங்குவது என்று யோசித்தேன். யோசித்ததெல்லாம் ஆங்கிலத்தில்தான் வந்தது.

அம்மா குசினியில் கறி துழாவிக்கொண்டு நின்றார். அப்பா வாசலில் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, எனக்கு இரத்தம் பாத்தவை. நான் ஒரு காவியாம்."

அம்மா அகப்பையோடு திரும்பினார். "என்னடி? நேர்சுக்குப் படிக்க விட்டால் காவி கட்டப் போறன் எண்டு வந்து நிக்கிறாய்?"

அப்பா வாசலில் இருந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "காவி உடுப்பு இல்லையம்மா. காவுறது. குடத்தைக் காவுறம் எண்டு சொல்லுறேல்லையே, அப்பிடி. ஒரு குறையைக் காவிக்கொண்டு திரியிற ஆள்."

குசினிக் கதவில் அம்மாவின் சந்தைப் பை தொங்கியது. அதில் ஒரு கைப்பிடிக் காது அறுந்துபோயிருந்தது. அதை எடுத்தேன்.

"இதில ஒரு காதுதானே இருக்கு? இதாலயும் நீங்கள் மரக்கறி கொண்டுவாறனீங்கள்தானே?"

"ஓம். மற்றக் காதில பிடிச்சால் சரி."

"அதுதான் நான். எல்லாருக்கும் ரெண்டு காது. ஒண்டு தாய் குடுக்கிறது, மற்றது தேப்பன் குடுக்கிறது. எனக்கு ஒண்டு அறுந்தது. அதால எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. என்னைப் போல இன்னொருத்தரை நான் கலியாணம் முடிச்சால், அவரும் அறுந்த காதைக் குடுத்து நானும் அறுந்த காதைக் குடுத்தால், பிள்ளைக்கு ரெண்டும் அறுந்தது. அந்தப் பையில ஒண்டும் கொண்டுபோகேலாது. மாதாமாதம் இரத்தம் ஏத்த வேணும்."

அம்மாவுக்கு விளங்கிவிட்டது. விளங்கியது முகத்தில் தெரிந்தது. அவர் மனம் எங்கே போனது என்றும் தெரிந்தது, ஏனென்றால் அவர் உடனே வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"இந்தக் கதையை இத்தோட விடு. மாமி அறிஞ்சால் பொம்பிளையில குறை எண்டு நிப்பா. கொக்காவின்ர கலியாணத்தைக் குழப்பவோ நீ படிக்கப் போனனீ?"

அது என்னைச் சுட்டது. அதற்குள் பின்னால் குரல் கேட்டது. அக்கா முன்பள்ளியில் ஏதோ கூட்டம் முடிந்து வந்து, கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள்.

"எனக்கும் ஒருக்கா அந்தப் பையைக் காட்டு," என்றாள்.

நான் திரும்பச் சொன்னேன். முடிந்ததும் கைத்தொலைபேசியை எடுத்து மச்சானுக்கு அடித்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, என் கையில் தந்தாள். அம்மா தடுக்கப் பார்த்தார். அப்பா, "விடு, கதைக்கட்டும்," என்றார்.

மச்சான் முழுவதையும் கேட்டார்.

"ரெண்டு பேரும் காவியெண்டால் நாலில ஒண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசா நாலில ஒண்டு. மூத்ததுக்கு வந்தால் இளையது தப்பும் எண்டு இல்லை. சரியோ?"

"ஓம் மச்சான், சரி."

"ஒராள் மட்டும் காவியெண்டால்?"

"பிள்ளைக்கு அந்த வருத்தம் வராது. காவியா மட்டும் இருக்கலாம்."

"அப்ப பாப்பம். பாக்காமல் பயந்துகொண்டு இருக்கிறதை விடப் பாக்கிறது நல்லம்."

அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் கேட்க நினைத்த கேள்வி வேறு என்று எனக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் இருந்தால் என்ன செய்வோம் என்பதை அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை மச்சானின் தாய், எங்கள் மாமி, அம்மாவுக்குத் தொலைபேசியில் அடித்தார். "எங்கட பிள்ளைக்கு என்ன குறையெண்டு இரத்தம் பாக்கச் சொல்லுறியள்? பத்துப் பொருத்தத்தில ஒம்பது இருக்கெண்டு ஐயர் சொன்னவரெல்லோ?" அம்மா பாவம், இரண்டு பக்கமும் பேச முடியாமல், "சின்னவள் படிக்கிறாள் மச்சாள், அவளின்ர பரீட்சைக்காம்," என்று சமாளித்தார்.

இந்த அமளிக்கு நடுவில்தான் பெரியம்மா வேலியில் ஆள் நுழைகிற இடைவெளியான பொட்டுக்குள்ளால் வந்தார். பெரியம்மா வீடு பக்கத்து வளவு. முருங்கையிலை ஆய்ந்து ஒரு சுளகில் கொண்டுவந்திருந்தார்.

"என்ன எல்லாரும் இரத்தம் இரத்தம் எண்டு கதைக்கிறியள்?"

அம்மா என்னைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் என்றார். நானும் வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆறின புண்ணைக் கிண்டுவது என் வேலையில்லை. ஆனால் பெரியம்மா கதிரையில் அமர்ந்து இலையை உருவத் தொடங்கினார். எனக்குப் பொய் சொல்லவும் வரவில்லை. மூன்றாம் தரமாகப் பையைக் கையில் எடுத்தேன். பெரியம்மாவின் மகனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பொதுவாகச் சொன்னேன். வருத்தம் வந்த பிள்ளை வெளிறி இருக்கும், வயிறு ஊதும், இரத்தம் ஏற்றினால் கொஞ்ச நாள் தெளிவாக இருக்கும் என்று சொல்லும்போதே பெரியம்மாவின் கை நின்றுவிட்டது.

"என்ர பிள்ளையும் அப்பிடித்தான் இருந்தவன்," என்றார்.

"நான் டொக்டர் இல்லைப் பெரியம்மா. காணாத பிள்ளைக்கு இதுதான் எண்டு நான் சொல்லேலாது. ஆனால் நீங்கள் சொல்லுறதைப் பாத்தால் அதுவாத்தான் இருக்க வேணும் போல கிடக்கு."

"அப்ப கிரகணம்?"

"கிரகணத்துக்கும் இதுக்கும் ஒரு தொடுசலும் இல்லை. கருத்தரிக்கேக்கையே முடிஞ்ச விசயம். நீங்கள் அண்டைக்கு வீட்டுக்குள்ள கதவைப் பூட்டிக்கொண்டு இருந்திருந்தாலும் அவன் அப்பிடித்தான் பிறந்திருப்பான்."

பெரியம்மா எழுந்து வெளியே போனார். போய்விட்டார் என்று நினைத்தோம். கிணற்றடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார்.

"இன்னொருக்கால் சொல்லு."

சொன்னேன். தாயிடம் இருந்து ஒன்று, தகப்பனிடம் இருந்து ஒன்று. இரண்டு பேருக்கும் தெரியாது, இரண்டு பேரும் செய்த பிழை இல்லை.

"வா, வந்து அவருக்குச் சொல்லு," என்று என் கையைப் பிடித்து வேலிப் பொட்டுக்குள்ளால் இழுத்துக்கொண்டு போனார்.

பெரியப்பா மாமர நிழலில் மண்வெட்டிக்குப் பிடி இறுக்கிக்கொண்டிருந்தார். குறைவாகப் பேசுகிற மனிதர். நான் நின்றபடியே எல்லாம் சொல்லி முடித்தேன். அவர் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு பெரியம்மாவிடம், "நான் உன்னை ஒரு நாளும் குற்றம் சொன்னனானோ?" என்றார்.

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை," என்றார் பெரியம்மா. "ஊர் முழுக்கச் சொல்லேக்கையும் நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. அதுதான்."

பெரியப்பா மண்வெட்டியை நிலத்தில் வைத்தார். நான் அங்கே நிற்கக் கூடாது என்று நினைத்துத் திரும்பினேன். பொட்டுக்குள் குனிந்தபோது பெரியப்பாவின் குரல் கேட்டது: "எங்களுக்கும் இரத்தம் பாக்கலாமோ பிள்ளை?"

பார்க்கலாம் என்றேன். பிள்ளை பெறும் வயது தாண்டியவர்களுக்கு அது ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. ஆனால் அவர்கள் இரண்டு பேருக்கும் அது ஏன் என்று தெரிந்திருந்தது.

அப்படித்தான் நால்வர் வவுனியாவுக்கு வந்தார்கள். அக்கா, பெரியம்மா, பெரியப்பா ஒரு பஸ்ஸில். மச்சான் புதுக்குடியிருப்பிலிருந்து வேறு பஸ்ஸில். மாமிக்கு அவர் சொல்லாமல் வந்தாரா, சொல்லிவிட்டு வந்தாரா என்று நான் கேட்கவில்லை. நான் வகுப்புக்கு லீவு கேட்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். இரத்தம் எடுக்க அதிக நேரம் போகவில்லை. முடிவுக்கு ஒரு சில கிழமை பொறுக்க வேண்டும் என்றார்கள்.

அந்தக் கிழமைகள் மெல்லத்தான் போயின. அம்மா தொலைபேசியில் கல்யாண மண்டபத்தைப் பற்றிக் கதைப்பார், கூறைச் சேலையின் நிறத்தைப் பற்றிக் கதைப்பார், இரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கமாட்டார். வைக்கும் நேரத்தில் மட்டும், "ஒண்டும் தெரியேல்லையோ?" என்பார். நான் ஆஸ்பத்திரி வாட்டில் தலையணை உறை மாற்றிக்கொண்டே, நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் என்ன என்று நினைப்பேன். பிறகு படத்தில் கண்ட அந்தப் பிள்ளையின் வயிறு நினைவுக்கு வரும். இல்லை, சொன்னது சரி என்று என்னையே தேற்றிக்கொள்வேன்.

முடிவு சொல்லும் நாளில் நால்வரும் மறுபடி வந்தார்கள். கிளினிக்கில் இருந்தவர் ஒரு இளம் டொக்டர், பெண். என்னையும் உள்ளே விட்டார். முதலில் பெரியவர்கள்.

"அம்மா, உங்களுக்கும் ஐயாவுக்கும் ரெண்டு பேருக்கும் இருக்கு. ரெண்டு பேரும் காவி," என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். கவலைப்பட வேண்டாம், உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று தொடர்ந்து சொல்லப் போனவரைப் பெரியம்மா சொல்ல விடவில்லை. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"ரெண்டு பேருக்கும்தானே? வடிவாப் பாத்தனீங்களோ? அவருக்கும்தானே?"

"ஓம் அம்மா."

பெரியம்மா அழுதுகொண்டே சிரித்தார். டொக்டர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். குறை இருக்கிறது என்று கேட்டு இப்படிச் சந்தோசப்பட்ட ஆளை அவர் கண்டிருக்கமாட்டார். பெரியப்பா தன் தோளில் கிடந்த துவாயை எடுத்துப் பெரியம்மாவிடம் நீட்டினார். நான் அறிய அவர் நாலு பேர் முன்னால் பெரியம்மாவுக்குச் செய்த முதல் காரியம் அது. "நான் அண்டைக்கே சொல்லியிருக்க வேணும்," என்று மட்டும் சொன்னார்.

அடுத்து அக்காவும் மச்சானும். அக்கா என் கையை நசுக்கிப் பிடித்தாள்.

"உங்களுக்கு இருக்கு," என்றார் டொக்டர் அக்காவிடம். பிறகு மச்சானிடம் திரும்பினார். "உங்களுக்கு இல்லை."

"எனக்கு இல்லையெண்டால்..." என்று கணித ஆசிரியர் தொடங்கினார். நாலில் ஒன்று, இரண்டில் ஒன்று எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த நேரத்தில் ஒன்றும் ஓடவில்லை போலும். "இல்லையெண்டால் என்ன டொக்டர்?"

"இல்லையெண்டால் கலியாணத்துக்கு எனக்கும் சொல்லுங்கோ எண்டு அர்த்தம்," என்றார் டொக்டர்.

வெளியே வந்ததும் அக்கா வாங்கில் தொப்பென்று இருந்தாள். அவள் முகம் அப்படி இளகி நான் கண்டதில்லை. எல்லோரும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் உளுந்து வடை சாப்பிட்டு, பால் விடாத பிளேன்ரீயும் குடித்தோம். பெரியம்மா எனக்கு இன்னும் ஒரு வடை என்று சொல்லி என் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். அம்மாவுக்கு நான் தொலைபேசியில் சொன்னேன். மறுபக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சரி, அப்ப கூறை சிவப்போ, அரக்கோ?" என்றார்.

மச்சான் பஸ் ஏற முன்னர் அக்காவிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"எனக்கும் இருந்திருந்தாலும் நான் உம்மைத்தான் கட்டியிருப்பன். பிள்ளையை எடுத்து வளத்திருக்கலாம். அதை யோசிச்சு வைச்சிருந்தனான்."

"அதை முதலே சொல்லியிருக்கலாம்தானே? இவ்வளவு நாளும் நான் நித்திரை கொள்ளேல்லை," என்றாள் அக்கா.

"சொன்னால், உமக்காகச் சொல்லுறன் எண்டு நினைச்சு நீர் வேண்டாம் எண்டிருப்பீர்."

அக்கா மறுக்கவில்லை. அப்படித்தான் செய்திருப்பாள்.

என் செய்முறைப் பரீட்சை அதற்குப் பிறகுதான் நடந்தது. நெளுக்குளத்தில் ஒரு பொதுமண்டபம். இளம் பெண்கள், கைக்குழந்தைக்காரிகள், பின்வரிசையில் இரண்டு மூன்று ஆண்கள். மிஸ் ஒரு மூலையில் கதிரை போட்டு இருந்தார். வீட்டில் நான் பல தரம் பேசிப் பழகியிருந்ததால் தடுமாறவில்லை. பேசி முடித்து, கேள்வி இருந்தால் கேளுங்கோ என்றேன். மடியில் பிள்ளையோடு இருந்த ஒரு பெண் கையை உயர்த்தினார்.

"இது தாயாலதானே நேர்ஸ் வாறது? என்ர மாமியார் அப்பிடித்தான் சொல்லுறா."

"இல்லை அக்கா. இந்த வருத்தம் தாயால மட்டும் வரவே ஏலாது. தாயும் தேப்பனும் ரெண்டு பேரும் குடுத்தால்தான் வரும். ஆரும் தெரிஞ்சு குடுக்கிறேல்லை," என்றேன். மண்டபத்துக்குள் பெண்களிடையே ஒரு முணுமுணுப்பு எழுந்து பரவியது. பின்வரிசை ஆண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். எத்தனை வீட்டில் எத்தனை பெரியம்மாக்கள் என்று அப்போது நினைத்தேன். மிஸ் எனக்கு நல்ல புள்ளி போட்டார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மழை வரும் என்று பயந்தோம், வரவில்லை. மாமியும் பழையதை மறந்து, யார் வீட்டில் சம்பந்தப் பேச்சு என்றாலும் "பொருத்தம் பாத்தாச்சு, இரத்தம் பாத்தாச்சோ?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார். அதை முதலில் சொன்னது தான்தான் என்று அவருக்கு நினைப்பு. நாங்கள் ஒருவரும் திருத்தவில்லை.

பயிற்சி முடிந்து எனக்கு வேலை கிடைத்தது கிளிநொச்சிப் பக்கத்தில். நான் இருந்த ஆஸ்பத்திரியில்தான் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது, பெண் குழந்தை. என் கடமை நேரம் முடிந்து ஓடிப் போய்த் தூக்கினேன். கைக்குள் சூடான ஒரு சின்னப் பாரம். அக்கா களைத்துப்போய்க் கிடந்தாள்.

"இவளும் காவியோ?" என்று கேட்டாள்.

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வளரட்டும், பாப்பம். வருத்தம் வராது, அது நிச்சயம்."

குழந்தை வாயைத் திறந்து வீறிட்டு அழுதது. முகம் செக்கச்சிவந்தது.

"பசிக்குது அவளுக்கு. கதையை விட்டிட்டுப் பாலைக் குடு," என்று சொல்லி அக்காவின் நெஞ்சில் கிடத்தினேன்.